உரலடி அரிசி

நெல் குத்தும்போது உரலுக்கு வெளியே எவ்வளவு சிந்த வேண்டும் என்பதற்கு ஓர் அளவு உண்டு. குறைவாகச் சிந்தினால் குத்துகிறவளின் வீட்டில் கஞ்சி தண்ணீராகிவிடும். அதிகமாகச் சிந்தினால் வீட்டுக்காரியின் கண்ணில் பட்டுவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அளவை என் ஆத்தா எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை. அவள் கைக்கு அது தெரிந்திருந்தது. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். அதனால் எனக்குத் தெரியவில்லை.

திருமயத்திலிருந்து நாலு மைலில் எங்கள் ஊர். முன்னால் தெரு நீளத்துக்குப் பெரிய பெரிய கல் வீடுகள், அவற்றின் பின்னால் எங்கள் குடிசைகள். சமஸ்தானம் போய் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் நான் பிறந்ததாக ஆத்தா சொல்வாள். நான் சொல்லப்போவது ஐந்தாம் வகுப்பில் நடந்தது. ஆகவே எனக்கு அப்போது பத்து வயது. தம்பி பிறந்த கையோடு அப்பா இலங்கைத் தோட்டத்துக்குப் போனார். இரண்டு கடிதம் வந்தது, பிறகு வரவில்லை. வீட்டில் ஆத்தா, நான், நடக்கப் பழகிக்கொண்டிருந்த தம்பி. அடுத்த குடிசையில் அப்பாவின் அக்கா, புருஷனை இழந்தவள், மூன்று பிள்ளைகளோடு. ஆத்தாவும் அத்தையும் ஒரே உரலில் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றி உலக்கை போடும் ஜோடி. ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவளுக்கும் அன்று வேலை இல்லை.

அவர்கள் குத்தியது பெரிய வீட்டு ஆச்சியின் பின்கட்டில். அவித்துக் காயவைத்த நெல் ஒரு கலம் குத்திப் புடைத்துக் கொடுத்தால் ஆளுக்கு முக்கால் படி அரிசி கூலி. தவிடு அந்த வீட்டு மாடுகளுக்கு. குருணை அந்த வீட்டுப் பலகாரத்துக்கு. உரலைச் சுற்றித் தரையில் கிடப்பது மட்டும் குத்தியவர்களுக்கு. இதை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததாகத் தெரியவில்லை. தரையில் விழுந்ததைச் சாமிக்குப் படைக்க முடியாது, படைக்க முடியாததை அந்த வீட்டில் பொங்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

உரலின் வாய்மேல் குந்தாணி என்று ஒரு கல் வளையம் வைப்பார்கள், அரிசி வெளியே தெறிக்காமல் இருக்க. ஆச்சி வீட்டுக் குந்தாணியில் ஒரு பக்கம் ஒரு சாண் அகலத்துக்கு உடைந்திருந்தது. எப்போது உடைந்தது என்று கேட்டால், “ஆச்சி சமைஞ்ச அன்னைக்கு” என்பாள் அத்தை. புதுசு வேண்டும் என்று இரண்டு பேரும் ஒருநாளும் கேட்டதில்லை. உலக்கை கொஞ்சம் சாய்ந்து இறங்கினால் போதும், உடைந்த பக்கம் வழியாகச் சிறிது அரிசி தரைக்கு வந்து சேரும். சாயங்காலம் அதைக் கூட்டி அள்ளி, சுளகில் புடைத்து, மூன்று தண்ணீரில் கல் அரித்து ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொள்வார்கள். கூலி அரிசி கடைக்குப் போய் உப்பாகவும் மிளகாயாகவும் மண்ணெண்ணெயாகவும் திரும்பி வந்துவிடும். எங்கள் அடுப்பில் உண்மையில் வெந்தது உரலடி அரிசிதான்.

அந்த வருஷம் திருமயம் போகும் ரோட்டில் ரைஸ் மில் வந்தது. நான் அதை முதலில் பார்த்த அன்று திரும்பி வரவே மனமில்லை. ஒரு பெரிய சக்கரம், ஒரு சின்னச் சக்கரம், இரண்டையும் கட்டி இழுக்கும் தோல் பட்டை. மேலே நெல் போனால் கீழே ஒரு வாயில் அரிசி, இன்னொரு வாயில் தவிடு. சின்னச் சக்கரம் ஏன் வேகமாகச் சுற்றுகிறது என்று அங்கேயே நின்று யோசித்து, பட்டை இரண்டின்மேலும் ஒரே தூரம்தானே ஓட வேண்டும் என்று நானாகவே கண்டுபிடித்தேன். பின்னால் பாலிடெக்னிக்கில் இதை ஒரு மணி நேரம் பாடமாக நடத்தினார்கள். எனக்குப் புதிதாக ஒன்றும் இல்லை.

ஊரில் ஒவ்வொரு வீடாக உரலை நிறுத்தியது. ஆச்சி மட்டும் அசையவில்லை. மில்லில் ஊரார் நெல்லெல்லாம் கலந்துவிடும், சூட்டில் ருசி போய்விடும் என்று காரணங்கள் வைத்திருந்தார். எல்லாவற்றிலும் பெரிய காரணம், மில்காரன் எவ்வளவு எடுக்கிறான் என்பது கண்ணுக்குத் தெரியாது. “இவளுக எடுத்தா எனக்குத் தெரியும்” என்பார் சிரித்துக்கொண்டே. ஆத்தாவும் சிரிப்பாள். ஊரில் கடைசியாக ஓசை கேட்ட உரல் அதுதான்.

கார்த்திகை மாதம் பள்ளிக்கூடத்தில் ஒரு கண்காட்சி வைப்பதாகச் சொன்னார்கள். பிளாக் ஆபீஸிலிருந்து அதிகாரி வருவார். பிள்ளைகள் ‘பழையதும் புதியதும்’ என்று ஆளுக்கு ஓர் அட்டை எழுதிக் கொண்டுவர வேண்டும். நல்ல அட்டைக்குப் பரிசு. மாட்டு வண்டியும் பஸ்ஸும் என்று இரண்டு பேர், சிமினி விளக்கும் கரண்டு விளக்கும் என்று நாலு பேர் எடுத்துக்கொண்டார்கள். நான் உரலும் மில்லும் எடுத்துக்கொண்டேன். நேரம், ஆள், சேதம் என்று மூன்று தலைப்புப் போட்டு நிரப்பச் சொன்னார் கணக்கு வாத்தியார்.

மற்றவர்கள் வீட்டில் உட்கார்ந்து எழுதினார்கள். நான் அளந்து எழுதுவது என்று தீர்மானித்தேன். மில்லுக்குப் போய், சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தின் கீழே சிலேட்டோடு நின்றேன். எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு இருந்த மில் ஓட்டுகிறவர், “ஒனக்கு எதுக்கு இதெல்லாம்? கலெக்டரா வந்திருக்க?” என்றார். ஆனாலும் ஒரு கலம் நெல் வந்தபோது கூப்பிட்டுக் காட்டினார். பன்னிரண்டு நிமிஷம். தரையில் தேடிப் பார்த்தேன். பொறுக்க ஒன்றும் இல்லை.

மறுநாள் லீவு. ஆச்சி வீட்டுப் பின்கட்டில் போய் உரலுக்கு எதிரே உட்கார்ந்தேன். கடிகாரம் இல்லாததால் தூணின் நிழலைக் கரிக்கோடு போட்டுக் குறித்தேன். குத்துகளை ஆயிரத்து இருநூறு வரை எண்ணினேன், அதற்கு மேல் குழம்பிவிட்டது. சாயங்காலம் அத்தை விளக்குமாற்றை எடுத்தபோது, “கூட்டாதீங்க அத்த, அளக்கணும்” என்றேன்.

“எதடி அளக்கணும்?”

“சிந்தினத. பள்ளிக்கூடத்துக்கு.”

அத்தை ஆத்தாவைப் பார்த்தாள். “ஒலக்கைக்கு என்ன கண்ணா இருக்கு, பாத்துப் போட? அதையெல்லாமா அளப்பாக?” என்றாள். ஆத்தா வேர்வையைத் துடைத்துக்கொண்டு, “பள்ளிக்கூடத்துக்குன்னா அளந்துக்கட்டும் அண்ணி” என்றாள். எழுத்தறியாத என் ஆத்தாவுக்குப் பள்ளிக்கூடம் என்பது கோயிலுக்கு அடுத்த இடம். அவளே கூட்டினாள், அவளே புடைத்தாள், கால் படி கொள்ளும் உழக்கை எடுத்துவந்து என் முன்னால் அளந்தாள். ஒரு உழக்கு. இரண்டாவது உழக்கு விளிம்புக்குச் சற்றுக் கீழே நின்றது. தூண் ஓரத்தில் சிதறியிருந்ததையும் விரலால் ஒற்றி எடுத்துப் போட்டு அதை நிறைத்தாள்.

“ரெண்டுன்னே எழுதிக்க. கொறச்சு எழுதாத, வாத்தியாரு கோவிச்சுக்குவாரு” என்றாள்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. சிந்தியதைத்தான் ஆத்தா வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வருகிறாளே, அது எப்படிச் சேதமாகும்? வாத்தியாரிடம் கேட்டேன். பேர் சொல்லிக் கேட்கவில்லை. கூட்டிப் பெருக்கி யாராவது எடுத்துக்கொண்டால் அதுவும் சேதமா சார் என்று கேட்டேன். “ஒடமக்காரனுக்கு வராதது எல்லாம் சேதம்தான்” என்றார். கேள்விக்கு விடை இவ்வளவு சுருக்கமாகக் கிடைத்ததில் எனக்குத் திருப்தி. அட்டையில் கோடு போட்டு, ‘சேதம்’ என்ற சொல்லை மட்டும் சிவப்பு மையில் எழுதினேன்.

கண்காட்சி அன்று கொட்டகையில் முன்வரிசை நாற்காலிகளில் பெரிய வீட்டுக்காரர்கள் இருந்தார்கள். பள்ளிக்குக் கட்டடம் கட்டிக் கொடுத்த குடும்பம் என்பதால் ஆச்சி நடுவில். எங்கள் ஆட்கள் வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். அதிகாரி ஒவ்வோர் அட்டையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் என் அட்டையின் முன் நின்றுவிட்டார். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். நானே அளந்தேன் என்றேன். மேடைக்குக் கூட்டிப்போய் உரக்கப் படிக்கச் சொன்னார்.

படித்தேன். ஒரு கலம் நெல். கையால் குத்தினால் ஆள் இரண்டு, நேரம் ஒரு பகல், சேதம் இரண்டு உழக்கு. மில்லில் ஆள் ஒன்று, நேரம் பன்னிரண்டு நிமிஷம், சேதம் இல்லை.

எல்லாரும் கைதட்டினார்கள். வேலிக்கு வெளியே ஆத்தா தம்பியை இடுப்பில் வைத்திருந்தாள். ஒரு கையால் தட்ட முடியாததால் அவன் கை இரண்டையும் பிடித்துத் தட்டிவிட்டாள். எனக்கு ஜாமெட்ரி பாக்ஸ் கொடுத்தார்கள். அதில் இருந்த காம்பஸ் இப்போதும் அலுவலகத்தில் என் வரைபலகையின் மேல் இருக்கிறது. அலுவலகம் தந்த காம்பஸைவிட அதுதான் வழுக்காமல் நிற்கும்.

இறங்கி வந்தபோது ஆச்சி என்னை அருகில் கூப்பிட்டுக் கன்னத்தைத் தொட்டார். “கெட்டிக்காரி. எங்க அளந்த?”

“ஒங்க வீட்டுலதான் ஆச்சி.”

“ரெண்டு உழக்கா?”

“சரியா ரெண்டு, ஆச்சி. ஆத்தாளே அளந்து குடுத்துச்சு.”

ஆச்சி தலையை ஆட்டினார். கோபப்பட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. நாள் ஒன்றுக்கு ஒரு கை, இரண்டு கை என்று அவர் மனத்தில் ஒரு கணக்கு இருந்திருக்கும். அவருக்குத் தெரிந்த அளவும் நடந்த அளவும் வேறு வேறு என்பதை நான்தான் அவருக்குச் சொல்லியிருக்கிறேன், ஊர் கூடிய இடத்தில், நாற்காலி வரிசைகளின் நடுவில்.

அடுத்த வாரம் உரலின் மேல் புதுக் குந்தாணி வந்தது. தகரத்தில் கொல்லர் அடித்துக் கொடுத்தது. இடுப்பு உயரம், எந்தப் பக்கமும் விரிசல் இல்லை. “புது மருமக வந்திருக்காடி. வாயவே தொறக்க மாட்டேங்குறா” என்றாள் அத்தை. ஆத்தா சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் இரண்டு பேருக்குமாகக் கூட்டி எடுத்தது ஒரு பிடி. அத்தை அதைப் பங்கு போடாமல் அப்படியே ஆத்தாவின் மடியில் தட்டிவிட்டுப் போனாள்.

பதினைந்து நாள் கழித்து ஆச்சி வீட்டு நெல் மூட்டைகள் வண்டி ஏறி மில்லுக்குப் போயின. சந்தேகத்தோடு வாழ்வதைவிடச் சேதம் இல்லாமல் வாழலாம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அத்தைக்கும் ஆத்தாவுக்கும் ஆளுக்கொரு சேலை கொடுத்து, “வேல இருந்தா சொல்லி அனுப்புறேன்” என்றார். அவர் பொல்லாதவர் இல்லை. இரண்டு வருஷம் கழித்து, ‘அந்தக் கெட்டிக்காரப் பிள்ளை’ என்று என்னைப் புதுக்கோட்டை ஹாஸ்டலில் சேர்த்துப் படிக்கவைத்ததும் அந்த வீடுதான். நான் எந்த அட்டைக்காகப் படிக்கவைக்கப்பட்டேனோ அந்த அட்டையால் என் ஆத்தா வேலை இழந்தாள் என்பதை இப்படி ஒரே வாக்கியத்தில் எழுத எனக்குப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கிறது.

மில் எப்படியும் வந்திருக்கும் என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. உண்மைதான். ஆச்சி வீட்டு உரலும் அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ நின்றிருக்கும். எங்கள் தெருவில் உலக்கை பிடித்த பெண்களின் பட்டியல் ஒன்றை ஒருமுறை போடத் தொடங்கினேன். இருவர் தஞ்சாவூர்ப் பக்கம் அறுவடைக்குப் போய்த் திரும்பவில்லை. ஒருத்தி கட்டுமாவடியில் கருவாடு காயவைக்கப் போனாள். ஒருத்தியைக் கோயில் வாசலில் கையேந்தியபடி பார்த்தேன். அவள் என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. மற்றவர்கள் கல் உடைத்தார்கள். மில் ஓட்ட ஒருவரும் போகவில்லை. அதற்கு ஓர் ஆள் போதும், அவரும் ஏற்கெனவே இருந்தார். பட்டியலை அதோடு நிறுத்திவிட்டேன்.

ஆத்தாவும் அத்தையும் ரோட்டுக்கு ஜல்லி உடைக்கப் போனார்கள். மில்லுக்கு லாரி வருவதற்காக அகலப்படுத்திய ரோடு அது. அங்கே இருவரும் எதிரெதிரே உட்காரவில்லை, குவியலுக்கு ஒருத்தி. வாரத்தில் மூன்று நாள் வேலை இருந்தால் அதிகம். ரோட்டு வேலை சர்க்கார் வேலை என்று நான் வகுப்பில் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். நான் நான்காம் வகுப்பிலிருந்து ஐந்துக்கு வந்தது போல ஆத்தாவும் ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு ஏறியிருக்கிறாள் என்று நினைத்தேன்.

ஒருநாள் பள்ளி விட்டு அந்த வழியாக வந்தபோது அத்தை என்னைக் கண்டு சுத்தியலைக் கீழே வைத்தாள். அவள் ஒரு கண் சிவந்து வீங்கியிருந்தது. மூடித் திறக்கும்போதெல்லாம் தண்ணீர் வழிந்தது.

“வாங்க வாத்தியாரம்மா. சிலேட்டு கொண்டாரலயா?” என்றாள். “ஒக்காந்து எழுது. எத்தன கல்லு ஒடச்சோம், எத்தன சில்லு சிந்துச்சு, எத்தன சில்லு கண்ணுல விழுந்துச்சு. எல்லாத்தையும் எழுதி மேடையில படி. கை தட்டுவாக.”

“சும்மா இருங்க அண்ணி, புள்ள அது” என்றாள் அடுத்த குவியலிலிருந்து ஆத்தா.

அத்தைக்கு எதற்கு இவ்வளவு கோபம் என்று எனக்கு விளங்கவில்லை. கண் வலியால் இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். அந்தக் கண்ணில் அவளுக்குப் பிறகு பார்வை திரும்பவில்லை.

மாசி மாதம் அட்டை திரும்பி வந்தது. நன்றாக இருக்கிறது என்று பிளாக் ஆபீஸில் வாங்கிப்போய் ஊர் ஊராகக் காட்டியிருந்தார்கள். மூலைகள் மடங்கி, நாலு ஊர் ஆணி ஓட்டைகளோடு வாத்தியார் அதை என்னிடம் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஆத்தா கையைக் கழுவிச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். தலைகீழாகப் பிடித்திருந்தாள், நான் திருப்பி வைத்தேன்.

“அன்னைக்கு வேலிக்கு வெளிய நின்னேனா, கை தட்டுனதுதான் கேட்டுச்சு. என்ன எழுதியிருக்க, படி.”

மேடையில் படித்தது போலவே நிமிர்ந்து நின்று படித்தேன். சிவப்பு எழுத்தைக் காட்டி, “சேதம்னா?” என்று கேட்டாள்.

“வீணாப் போறது ஆத்தா.”

தம்பி கஞ்சிக் கிண்ணத்தை விரலால் வழித்துக்கொண்டிருந்தான். ஆத்தா அவனைப் பார்த்தாள். பிறகு, “ரெண்டு உழக்கு. சரியாத்தான் எழுதியிருக்க” என்றாள்.

மறுநாள் பள்ளியிலிருந்து வந்தபோது அட்டை அரிசிப் பானையின் வாய்மேல் கிடந்தது. எழுத்து மேல்பக்கம், காற்றில் பறக்காமல் இருக்க நடுவில் ஒரு ஜல்லிக் கல். அதுவரை எங்கள் பானைக்கு மூடி இருந்ததில்லை.

“எலி ஏறுது. நீ தொறக்காத. நானே எடுத்துப் போட்டுக்கிறேன்” என்றாள்.

நான் திறக்கவில்லை. பரிசு வாங்கிய என் அட்டை வீட்டில் ஒரு வேலைக்கு உதவுகிறது என்று சந்தோஷப்பட்டேன். ஆத்தா தினமும் எங்கிருந்தோ முந்தானையில் முடிந்து கொண்டுவந்த அரிசியைப் பானைப் பக்கமே போகாமல் நேராக உலையில் போட்டாள். எனக்கும் தம்பிக்கும் ஊற்றிவிட்டு, “நான் வேல எடத்துலயே சாப்புட்டேன்” என்றாள். அதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் நான் கவனித்தது அட்டையை. எலி வந்தால் ஓரத்தைக் கடிக்காமல் போகாது. ஆகவே பள்ளி விட்டு வந்ததும் நாலு ஓரத்தையும் விரலால் தடவிப் பார்த்து, கடி உண்டா இல்லையா என்று நோட்டில் நாள்வாரியாகக் குறித்தேன். பத்து நாள் பார்த்த பிறகு, முடிவு சொல்ல அது போதும் என்று தோன்றியது.

“அட்ட போட்டதுலேருந்து ஒரு எலிகூட வரல, ஆத்தா.”

மடியில் தம்பியைப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

“வராது தாயி” என்றாள்.

நான் நோட்டைப் பிரித்து, பத்துக்குக் கீழே பதினொன்று என்று எழுதி, எதிரே ‘இல்லை’ என்று போட்டேன்.